பேர் வைக்க வேண்டியவள்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் குடோனில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக ஒரு எழுத்து எழுதாமல் பீரோவில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் கொண்டுவரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஏழு மாதம் முடிவதற்குள்ளேயே அவசரம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், என் முழங்கை நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய், காலில் ஒரு ஒயர். பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'கோமளவல்லி, பெண் குழந்தை' என்று எழுதியிருக்கிறது. இதற்கு முன்னால் பிறந்த இரண்டும் இதே மாதிரிச் சீட்டோடுதான் போய்ச் சேர்ந்தன. ஒன்று மூச்சே விடவில்லை. இன்னொன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

இவர் போனில் பேர் தேடிக்கொண்டிருக்கிறார். உலகத்தில் உள்ள அத்தனை நாட்டு வீரப் பெயர்களும் அர்த்தத்தோடு அதில் வருகிறதாம். "அலெக்சாண்ட்ரா. கிரேக்கப் பேரு. மனுசங்களக் காப்பாத்துறவன்னு அர்த்தம். எப்படி இருக்கு?" என்றார் வார்டு வாசலில் நின்றுகொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தவும் முடியவில்லை. பிழைக்குமா என்று தெரியாத பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூடாது. இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜூலை 5, சனி

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்கும் அறைக்குப் போக வேண்டும். சுவரை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். வெட்கமெல்லாம் முதல் நாளோடு சரி. எனக்குக் கிண்ணத்தின் அடிதான் நனைகிறது. பக்கத்து நாற்காலியில் மெட்டில்டா என்று ஒருத்தி, திண்டுக்கல் பக்கம். அவளுக்குக் குழாய் திறந்த மாதிரி வருகிறது. ஆளும் அப்படித்தான், நல்ல வாட்டசாட்டம். சிரித்தால் வெளியே வராண்டாவில் கேட்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மகாராஷ்டிரா போயிருக்கிறான். அவள் மகன் பிறந்தவுடனே அழவில்லையாம், அதனால் பார்வையில் வைத்திருக்கிறார்கள். குண்டுப் பையன். எங்கள் வரிசையிலேயே அவன்தான் பெட்டி கொள்ளாமல் படுத்திருக்கிறான். பேர் கபிரியேல்.

"அதுக்குள்ள பேரு வச்சுட்டியா?" என்றேன்.

"வயித்துல இருக்கப்பவே வச்சாச்சுக்கா. கடவுளோட வீரன்னு அர்த்தம். எங்க ஃபாதர் சொன்னாரு."

எதிரே உட்கார்ந்திருந்த ஜெரினாவும் சேர்ந்துகொண்டாள். அவள் பெண்ணுக்கு ஏழாம் நாளே நுசைபா என்று வைத்துவிட்டார்களாம். அந்தக் காலத்தில் வாள் எடுத்துச் சண்டை போட்ட பெண்ணின் பேராம். ஆளாளுக்கு ஒரு படையே வைத்திருக்கிறார்கள். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

பால் வரவில்லை. பூண்டு தின்று தின்று என் மேலே எனக்கே நாற்றம் தாங்கவில்லை.

ஜூலை 9, புதன்

இவரைச் சொல்லியும் குற்றமில்லை. இவர் பேர் இருளாண்டி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதற்கொண்டு 'டேய் இருட்டு' என்றுதான் கூப்பிட்டார்களாம். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. பிள்ளை பேரைச் சொன்னால் கேட்கிறவன் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்கிறார். "வீராயின்னு வையிங்க, அதுலயும் வீரம்தான இருக்கு" என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேரை வாசித்து வருகைப்பதிவு எடுப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அப்படி ஒரு பேர்தான் இவருக்கும் வேண்டும்.

இன்றைக்கு இவர் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தபோது மெட்டில்டாவும் என்னோடு வராண்டாவில் நின்றாள். பேரைக் கேட்டதும் போனை எடுத்துத் தட்டினார். "ஜெர்மன்காரப் பேரும்மா. போர்ல வல்லமை உள்ளவன்னு போட்ருக்கு" என்றார்.

"நானா? எனக்குக் கரப்பான்பூச்சியப் பாத்தாலே உசுரு போயிரும்ணே" என்று சிரித்தாள். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து முதல் தடவை.

ஜூலை 11, வெள்ளி

காலையில் பிள்ளை மூச்சை நிறுத்திவிட்டாள். மணி அடிக்கிற மாதிரி மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிவிட்டதும் மூச்சு திரும்பியது. பிறகு மறுபடியும் நின்றது. இப்போது பெரிய மெஷினில் போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா, "பார்ப்போம்மா" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்குப் பழக்கமானதுதான்.

மத்தியானம் நாத்தனார் வந்தார். பேச்சியம்மா, இவருக்கு மூத்தவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். வராண்டா ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு போனது போதும்டி. இதையும் ஒம்பிள்ளைன்னு வச்சுக்கிட்டு இருந்தா நிக்காது. தூக்கி வேற ஒருத்திக்குக் குடுத்துரு."

எனக்குத் தெரிந்த சாங்கியம்தான். பிள்ளை தங்காதவள் பெற்ற பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். பிழைத்து எழுந்தபிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் பெற்றவள் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக்கூடாது. பேர் வைக்கிற உரிமையும் வாங்கியவளுக்குத்தான். பெற்றவளைத் தேடி வருகிற கேடு, இங்கே பிள்ளையே இல்லை என்று திரும்பிப் போய்விடுமாம்.

"நான் அங்கன்வாடில ஊட்டச்சத்து வகுப்பு எடுக்குறவ மதினி. எங்கிட்ட வந்து இதப் பேசுறீக" என்றேன்.

"ஊட்டச்சத்து மொத ரெண்டையும் காப்பாத்துச்சாக்கும்" என்றார் மதினி.

ஜூலை 12, சனி

கொடுத்துவிட்டேன்.

மதினிதான் மெட்டில்டாவைக் காட்டினார். "வேத்து சாதி, வேத்து வேதம். பெத்த பிள்ளையும் கல்லு மாதிரி கெடக்கான். அவதான் சரி." திங்கள்கிழமை கபிரியேலை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று வேறு பேச்சு. பெட்டிக்குள் இருக்கிற பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியாதே. காலையில் நர்ஸ் கழற்றிப் போட்ட குட்டிக் குல்லாவை எடுத்துக்கொண்டேன். பால் எடுக்கும் அறைக்கு வெளியே மெட்டில்டாவின் மடியில் அதைப் போட்டு, "எனக்கு வேண்டாம், எடுத்துக்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

மெட்டில்டா குல்லாவை விரலில் மாட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா இது?"

"ஒரு சாங்கியம். பிள்ளைய ஒனக்குக் குடுக்குற மாதிரி. பேரும் நீதான் வைக்கணும். பிள்ளைக்கு நல்லது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய் இல்லையே.

"ஒன்னோட ஒன்னு ரெண்டாக் கெடந்துட்டுப் போகுது. பேரு நாந்தான் வைக்கணுமா? வீட்டுக்குப் போறன்னைக்கு வைக்கிறேன்" என்றாள். ஜெபமாலையை எடுத்துக் குல்லாவைத் தொட்டு முத்தமிட்டாள். தவிட்டை மதினி இப்போதே வாங்கிவந்து என் பைக்குள் வைத்துவிட்டுப் போனார். பை முழுக்க ரைஸ் மில் வாசனை.

ஜூலை 13, ஞாயிறு

மெட்டில்டா பிள்ளை, அதாவது பெரிய மெஷினில் இருக்கும் சின்னவள், இன்றைக்கு மூச்சை நிறுத்தவில்லை.

ஜூலை 16, புதன்

பெரிய மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாய் வழியாகப் பால் கொடுத்தால் வயிறு உப்பாமல் இறங்குகிறதாம். நர்ஸ், "உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா" என்றாள். 'என் பொண்ணு இல்லை' என்று வாய் வரை வந்தது. அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தேன். இவர் பிரிஜித் என்கிறார். அயர்லாந்தாம், வலிமை என்று அர்த்தமாம். "பேரு நீங்க வைக்க முடியாது, வாங்குனவதான் வைக்கணும்" என்றேன். மனிதர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பாவம்தான்.

கபிரியேலுக்குத் திங்கள் முதல் காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பவில்லை. மெட்டில்டா இன்றைக்கு அதிகம் பேசவில்லை. "சளிதான்க்கா" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

கபிரியேல் போய்விட்டான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில். மெட்டில்டா பால் எடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து தோளைத் தொட்டதும் கையில் கிண்ணத்தோடேயே எழுந்து போனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் அவள் பின்னால் போகவில்லை. ஜெரினா அழுதுகொண்டே ஓடினாள். வராண்டாவிலிருந்து மெட்டில்டாவின் குரல் கேட்டது. அவள் சிரிப்பு எப்படி எட்டுமோ அப்படியே எட்டியது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? நேரே உள்ளே போய்ச் சின்னவளின் பெட்டிமேல் கை வைத்து அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிறக்கும்போதே நுரையீரலில் கிருமி இறங்கியிருக்கிறது, கடைசியில் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். "பிறக்கும்போதேவா டாக்டர்? பன்னிரண்டாம் தேதிக்கு முன்னாடியேவா?" என்றேன். அது என்ன பன்னிரண்டாம் தேதி என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

சின்னவளுக்கு எடை ஏறியிருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "மொதல்ல தவிட்டக் குடுத்து வாங்கிரு. பிள்ளையப் பறிகுடுத்தவ கையில எதுக்கு விட்டு வைக்கிற? ஆகாதுடி."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "நீங்கதான மதினி கை காட்டுனீக? கல்லு மாதிரி பிள்ள வச்சிருக்கான்னு நீங்கதான சொன்னீக? இன்னைக்கு அவ ஆகாதவளாயிட்டாளா? வெக்கமா இல்ல?" வராண்டாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நல்லாத்தான் கேட்டேன். ஆனால் தவிட்டை மட்டும் எடுக்கவில்லை. இவரும் கேட்டார், "அதான் தேறிட்டாள்ல, வாங்கிர வேண்டியதுதான?" இன்னும் நாள் போகட்டும் என்றேன். என் பிள்ளை என்று சொன்ன இரண்டும் நிற்கவில்லை. மெட்டில்டா பிள்ளையாக இருக்கிற வரைக்கும் எடை ஏறுகிறது. இதற்குமேல் எழுத வேண்டாம்.

ஜூலை 25, வெள்ளி

எனக்குப் பால் சுத்தமாக நின்றுவிட்டது. பால் வங்கியிலிருந்து கொடுக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். யாராருடைய பாலையோ காய்ச்சி வைத்திருப்பதுதானே என்று கேட்டேன். "இப்ப ஒருத்தர்தான் நிறையக் குடுக்குறாங்கம்மா" என்றாள்.

சாயங்காலம் பார்த்தேன். மெட்டில்டா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாளாம். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்க, மாத்திரை போட்டு நிறுத்தச் சொன்னார்களாம். அவள் மாட்டேன் என்று தினமும் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றைக்கு மாட்டிக்கொண்டேன். பால் அறையில் வேறு யாரும் இல்லை. ஜெரினா நேற்றே நுசைபாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். கைகழுவும் இடத்தில் நின்றிருந்தேன். மெட்டில்டா வந்து கதவைச் சாத்தினாள். கழுத்தெல்லாம் வற்றி ஆளே பாதியாகிவிட்டாள்.

"எங்கம்மா சொல்லுச்சுக்கா. அந்தச் சாங்கியம் எதுக்குன்னு."

நான் கழுவின கையையே திரும்பவும் கழுவினேன்.

"பிள்ளைக்கு நல்லதுன்ன. யாரு பிள்ளைக்கு?"

"அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. கிருமின்னு டாக்டரே சொன்னாங்க."

"அப்ப ஏன் குடுத்த?"

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள்தான் மூடினாள்.

"ஒனக்கு வர்றது எங்கிட்ட வரட்டும்னு தெரிஞ்சுதான குடுத்த? எம்பிள்ள உள்ள கெடக்கான்னு தெரியும்ல ஒனக்கு? நான் கேட்டேன்ல, எதுக்குக்கான்னு வாய் விட்டுக் கேட்டேன்ல? சொல்லியிருந்தா மாட்டேன்னுருப்பேன். இல்ல, சரின்னுகூட சொல்லியிருப்பேன், நான் ஒரு கூறுகெட்டவ. ஆனா என்னையக் கேட்ருக்கணும்ல நீ?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இன்னும் ஒரு வாரம் மெட்டில்டா. வீட்டுக்குப் போற வரைக்கும் ஒம்பிள்ளையாவே இருக்கட்டும். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து, அழுதுகொண்டே பால் எடுத்தாள். நிறைந்ததும் மூடி போட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போனாள்.

ஆகஸ்ட் 2, சனி

நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாள் முழுக்க வைத்திருந்தேன். கோழிக்குஞ்சு மாதிரி சூடு. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் 'இந்தா, இந்தா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் போனை நீட்டினார், ஹில்டா, லூயிசா என்று ஐந்தாறு பேரில் டிக் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றையும் நான் காதில் வாங்கவில்லை.

நர்ஸிடம் ஒன்று கேட்டேன். மெட்டில்டா மறுபடியும் பிள்ளை பெறலாமா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? "தாராளமா. இருபத்தஞ்சு வயசுதான ஆகுது" என்றாள். அதிலிருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. இதை இப்படியே விட்டுவிட்டு நான் ஊருக்குப் போய்விட்டால், என் பிள்ளைக்கு இருமல் வருகிற போதெல்லாம் அது அவள் வாசலுக்குப் போகட்டும் என்றுதான் நினைப்பேன். அவள் வயிற்றில் அடுத்தது வந்தாலும் அப்படித்தான். அது மூடநம்பிக்கையோ என்ன கண்றாவியோ, நான் நம்பித்தானே கொடுத்தேன். நம்பியவள்தானே வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

மெட்டில்டா வருகிற நேரத்துக்குப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பால் அறை வாசலில் நின்றேன். இவரும் பையோடு நின்றார். அவள் வந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"மெட்டில்டா, நில்லும்மா. ஒங்கிட்டச் சொல்லாமக் குடுத்தது தப்பு. தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னைய வையி, அடி, என்ன வேணாலும் செய்யி. ஆனா எம்பிள்ளைய எனக்குக் குடுத்துரு. இனி வர்றது எதுனாலும் எங்கிட்ட வரட்டும், ஒங்கிட்ட வர வேணாம்."

நான் அவளிடம் சொல்லாமல் கொடுத்தது இவருக்குத் தெரியாது. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மெட்டில்டா கையை நீட்டினாள். "இங்க குடு" என்றாள். அவள் இந்தப் பிள்ளையைத் தொடுவது இதுதான் முதல் தடவை. வாங்கியதும் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. அவள் மறைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் மூக்குக்குக் கிட்டே குனிந்து மூச்சு விடுவதைக் கேட்டாள்.

"யூதித்து" என்றாள்.

இவர் உடனே போனை எடுத்தார். "எபிரேயப் பேரு... யூதேயா நாட்டுப் பொண்ணுன்னுதாம்மா போட்ருக்கு. வீரம்னு ஒன்னும் காணோமே."

"போன்ல என்ன போட்டா என்னண்ணே? எங்க பைபிள்ல இருக்கு. ஊரே பயந்து உள்ள ஒளிஞ்சு கெடக்கையில ஒரு பொம்பள எதிரி கூடாரத்துக்கே போயி அவன் தலைய வெட்டி எடுத்தாந்தா. அவ பேரு. பொண்ணாப் பொறந்தா வைக்கணும்னு வச்சிருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "தவிடு எங்க?"

கொடுத்தேன். பையைப் பிரித்து மோந்து பார்த்தாள். புழு விழ ஆரம்பித்திருந்தது. "கோழிக்குப் போட்டுக்கிறேன்" என்றாள். பிள்ளையை என் கையில் வைத்தாள். "இனி இது ஒம்பிள்ள. எனக்கும் அதுக்கும் ஒன்னுமில்ல. எங்க வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வராதக்கா." அழவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆட்டோவில் வரும்போது இவர் யூதித்து, யூதித்து என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மதினி ஆரத்தித் தட்டோடு நின்றார். பேரைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பேரு நம்ம வீட்ல எதுக்கு, பூசாரியக் கேட்டு வேற வைப்போம் என்றார். முடியாது என்றேன். "சரி, பேரு கெடக்கட்டும். ஆனா எம்பிள்ள எம்பிள்ளன்னு மட்டும் வாய் விட்டுச் சொல்லிக்கிட்டுத் திரியாத. இன்னும் மூனு மாசம் போகட்டும். காதுல விழுந்துரும்."

யார் காதில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கதவை முழுக்கத் திறந்தேன். பட்டப்பகல், எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ எம்பிள்ள" என்று தெருவே கேட்கச் சொன்னேன். "கோமளவல்லி பிள்ள. வேற யாரு பிள்ளையும் இல்ல."